நானோ நுட்பமும் நாம் பருகும் நீரும்



மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்தில் கல்லூரி ஆசிரியராகப் பணிபுரியும் நம் நண்பர் ஒருவர், சென்ற கோடை விடுமுறையில் நம் இல்லத்துக்கு வந்திருந்தார். பிறந்த ஊர் கும்பகோணம். வங்கத்தில் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. பேச்சினிடையே அவர் ஒரு செய்தி கூறினார். அவர் வீட்டு வாசலுக்கு ஒரு விற்பனையாளர் வந்தாராம். 'நானோ' என்று பெயர் பொறித்த நீர் வடிகட்டி ஒன்றைக் காட்டி, இதை வாங்காத குடும்பம் நோயில் விழுவது உறுதி என்பதுபோலப் பேசினாராம். "இந்த நானோ என்பது மெய்யாகவே ஒரு பொருளா, அல்லது சந்தையில் வழங்கும் மந்திரச் சொல்லா? நாங்கள்தாம் அடிகுழாய் நீரை நன்றாகக் காய்ச்சிக் குடிக்கிறோமே, அதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று நண்பர் வினவினார்.

இவ்விரண்டு வினாக்களுக்கும் அன்று நாம் அளித்த விடை அரைகுறையானது. உள்ளிருந்து காப்பிக்கு அழைப்பு வரவே, பேச்சு அவ்வளவில் நின்றுவிட்டது. ஆனால் அக்காப்பியே விடையைத் தொடங்குவதற்கு ஏற்ற இடம் என்பது பின்னர்தான் நமக்குத் தோன்றியது. தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நாக்பூரிலும் வாழும் தமிழன்பர்கள் ஊரிலிருந்து வரும்போது மறவாமல் கொண்டுவரும் பொருள்களில் பித்தளைக் காப்பி வடிகட்டியும் ஒன்று அன்றோ? அதை முன்னால் வைத்துக்கொண்டே பேசுவோம்.

வறுத்த காப்பிக் கொட்டையை முழுதாக வடிகட்டியில் இட்டு வெந்நீரை ஊற்றினால் டிகாக்ஷன் இறங்காது. வெந்நீர் வெந்நீராகவே கீழே வரும். அதே கொட்டையைப் பொடியாக்கி இட்டால் மணமும் நிறமும் இறங்குகின்றன. கொட்டையிலுள்ள சத்து கூடவுமில்லை, குறையவுமில்லை. நீர் தொடக்கூடிய புறப்பரப்பு மட்டுமே பெருகியிருக்கிறது. ஒரு பொருள் தன் சுற்றுப்புறத்தோடு உறவாடுவது அதன் மேற்பரப்பினால்தான். உள்ளே புதைந்து கிடக்கும் பகுதிக்கு வெளியுலகத்தோடு பேச்சுவார்த்தை கிடையாது.

இதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கற்கண்டுக் கட்டி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் ஆறு முகங்களும் சேர்ந்து 6 சதுர சென்டிமீட்டர் பரப்பு. ஒரு தபால் தலை அளவு. இக்கட்டியை, ஒவ்வொரு பக்கமும் ஒரு நானோமீட்டர் உள்ள சிறு கட்டிகளாக வெட்ட இயலுமானால், அத்தனை துண்டுகளின் பரப்பையும் கூட்டி வருவது 6,000 சதுர மீட்டர். அதாவது ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கட்டிக்குள் ஒன்றரை ஏக்கர் நிலம் மடிந்து கிடக்கிறது! நானோ நுட்பம் என்பதன் பாதிப் பொருள் இந்தக் கணக்கில் அடங்கிவிடுகிறது.

நானோமீட்டர் என்பது யாது? கிரேக்க மொழியில் குள்ளனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது இப்பெயர். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒன்று நானோமீட்டர். நூறு கோடி என்று கூறுவது எளிது. மனத்தில் காண்பது அரிது. தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர். இரத்தத்திலுள்ள சிவப்பணு ஒன்றின் குறுக்களவு 7,000 அல்லது 8,000. மரபுப் பண்புகளைத் தாங்கும் டி.என்.ஏ. இழையின் அகலம் 2 நானோமீட்டர். தங்க அணுக்களை வரிசையாக நிறுத்தினால் மூன்று, நான்கு அணுக்களிலேயே ஒரு நானோமீட்டர் நிரம்பிவிடும். நம் விரல் நகம் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் வளர்கிறது; இப்பேச்சு முடிவதற்குள் நேயர்களின் நகங்கள் ஆயிரம் நானோமீட்டருக்கு மேல் வளர்ந்திருக்கும். பொதுவாக ஒன்று முதல் நூறு நானோமீட்டர் வரையுள்ள அளவில் பொருள்களை ஆக்குவதையும் ஆள்வதையும் நானோ நுட்பம் என வழங்குகின்றனர்.

பரப்புப் பெருகுவது பாதிப் பொருள் என்றோம். மற்றப் பாதி இதனினும் வியப்பானது. காப்பிக் கொட்டையை எவ்வளவு அரைத்தாலும் அது காப்பியாகவே இருக்கிறது. ஆனால் நானோ அளவை எட்டும்போது பொருளின் குணமே மாறத் தொடங்குகிறது. ஒரு துகள் 3 நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்தால், அதிலுள்ள அணுக்களில் ஏறக்குறைய பாதி மேற்பரப்பில் நிற்கின்றன. நாற்புறமும் அண்டை அணுக்களால் பிணைக்கப்பட்டவை உள்ளேயுள்ள அணுக்கள். மேற்பரப்பிலுள்ளவையோ ஒரு பக்கம் பிணைப்பின்றி நிற்கின்றன. யாரேனும் வந்தால் கைகோக்கக் காத்திருக்கின்றன.

தங்கத்தையே எடுத்துக்கொள்வோம். துருப்பிடியாது, கறுக்காது, எதனோடும் எளிதில் சேராது என்பதனால் அன்றோ அதை அணியாக்கி அடுத்த தலைமுறைக்கும் விட்டுச் செல்கிறோம்? அத்தங்கம் சில நானோமீட்டர்த் துகளாகச் சிறுக்கும்போது, சாதாரண வெப்பத்துக்கும் கீழே நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனோடு இணைக்கும் கிரியா ஊக்கியாகிவிடுகிறது. ஜப்பானிய விஞ்ஞானி மசதாகே ஹருதா 1987இல் இதனை அறிவித்தார். தங்கம் உருக 1,064 பாகை வெப்பம் வேண்டும். அதன் மிகச் சிறு துகள்களோ பல நூறு பாகை குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடுகின்றன. நிறமும் மாறுகிறது. ஏறத்தாழ 20 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள் நீரில் மிதந்தால் நீர் மஞ்சளாக ஒளிர்வதில்லை. மாணிக்கச் சிவப்பாகத் தோன்றுகிறது. துகளின் மேலுள்ள எலெக்ட்ரான்கள் ஒளியின் அசைவுக்கேற்ப ஒன்றாக ஊசலாடிப் பச்சை ஒளியை விழுங்கிக்கொள்ள, எஞ்சிய சிவப்பு நம் கண்ணை அடைகிறது.

இதனை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர் மின்சாரத்தின் தந்தையருள் ஒருவரான மைக்கேல் பாரடே. 1857இல் லண்டன் ராயல் சங்கத்தில் இதுபற்றி விரிவுரை நிகழ்த்தினார். அவர் ஆக்கிய சிவப்பு நீர், கண்ணாடிக் குப்பியில் இன்றும் லண்டன் ராயல் நிலையத்தில் காக்கப்பட்டு வருகிறது. இது ஏதோ காட்சிச்சாலைப் பொருள் என்று எண்ணவேண்டா. 2020க்குப் பின் வந்த கொரோனாக் காலத்தில் வீட்டிலேயே சோதித்துக்கொண்ட பட்டைகளில் ஒரு செங்கோடு தோன்றுகிறதா என்று நெஞ்சம் படபடக்கக் காத்திருந்தோமே, அத்தகைய பட்டைகள் பலவற்றில் அக்கோட்டுக்கு நிறம் அளிப்பது தங்கத்தின் நுண்துகளே. கருவுற்றிருப்பதைக் காட்டும் பட்டைகளிலும் அப்படியே. பாரடேயின் குப்பி பல கோடி வீடுகளுக்குள் வந்து போயிற்று. தங்கம் வந்ததை எவரும் அறியவில்லை.

இவ்விடத்தில் நம்மவர் பலர் ஒரு பெருமையை நினைவூட்டுவர். தென்னிந்தியாவில் மூசையிலிட்டு உருக்கிய எஃகு, 'ஊட்ஸ்' என்னும் பெயரில் மேலைநாடுகளுக்குச் சென்று டமாஸ்கஸ் வாட்களாக வடிக்கப்பட்டது. கொங்கு நாட்டுக் கொடுமணலில் பழைய இரும்பு உலைகளின் எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர விஞ்ஞானிகள் 17ஆம் நூற்றாண்டின் டமாஸ்கஸ் வாள் ஒன்றை ஆராய்ந்து, அதில் கரியணுக்களாலான நானோ குழல்களைக் கண்டதாக 2006இல் எழுதினர். இது மெய்யாகவே மகிழத்தக்க செய்தி. எனினும் இதைக்கொண்டு நம் முன்னோர் நானோ நுட்பம் அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவது நமக்கு உடன்பாடன்று. அவர்கள் உலையின் வெப்பத்தையும் தாதுவின் குணத்தையும் கைப்பழக்கத்தால் அறிந்த பெருங்கைவினைஞர். எஃகினுள் என்ன நிகழ்கிறது என்பதைக் காணும் கருவி அவர்களிடம் இல்லை. செய்தது வேறு, அறிந்து செய்வது வேறு. இவ்வேறுபாட்டை மறைத்தால் அக்கைவினைஞரின் பெருமையும் குறையும், விஞ்ஞானத்தின் பெருமையும் குறையும்.

அறிந்து செய்யும் காலம் எப்போது தொடங்கிற்று? 1959ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், கலிபோர்னியாவில் அமெரிக்க பௌதிக சங்கத்தின் கூட்டத்தில் ரிச்சர்டு பெயின்மன் ஓர் உரை நிகழ்த்தினார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் தொகுதிகள் முழுவதையும் ஒரு குண்டூசித் தலையில் ஏன் எழுதக்கூடாது என்று கேட்டார். இயற்கை விதிகள் எதுவும் அதைத் தடுக்கவில்லை என்றும் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு நூலின் பக்கத்தை 25,000 மடங்கு சுருக்கி எழுதுபவருக்கு ஆயிரம் டாலர் பரிசு என அறிவித்தார். அப்பரிசை ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பெற்றது 1985இல். நானோ நுட்பம் என்னும் சொல்லைப் பெயின்மன் ஆளவில்லை; அது 1974இல் ஜப்பானியப் பேராசிரியர் நோரியோ தானிகுச்சி வழங்கியது.

சொல் வந்தது, கண் வேண்டுமே! சாதாரண ஒளியைக்கொண்டு பார்க்கும் நுண்நோக்கி, ஒளியலையின் நீளத்தைவிட மிகச் சிறியதைக் காட்டமாட்டாது. 1981இல் சூரிச்சிலுள்ள ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் கெர்டு பின்னிக், ஹைன்ரிக் ரோரர் என்னும் இருவர் வேறொரு வழி கண்டனர். பார்வையிழந்த ஒருவர் விரலால் தடவி எழுத்தைப் படிப்பதுபோல, நுனியில் ஓரணு நிற்குமளவுக்குக் கூரிய ஊசியைப் பொருளின் மேல் தொட்டும் தொடாமலும் நகர்த்தி, இடைவெளியைத் தாண்டிப் பாயும் சிறு மின்னோட்டத்தை அளந்தனர். மேடு வந்தால் மின்னோட்டம் மிகும், பள்ளம் வந்தால் குறையும். அணுக்களின் வரிசை படமாக வெளிப்பட்டது. 1986இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அத்தகைய ஊசியைக் கொண்டே 1989இல் டான் ஐக்லர் என்பவர் 35 செனான் அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தித் தம் நிறுவனத்தின் பெயரை எழுதிக் காட்டினார்.

அதன்பின் துறை விரைந்து வளர்ந்தது. கைப்பேசியின் உள்ளே இருக்கும் சில்லுகளின் உறுப்புகள் நானோமீட்டர்க் கணக்கில் செதுக்கப்படுகின்றன. ஆனால் '3 நானோமீட்டர் சில்லு' என்று விளம்பரம் செய்வது இன்று ஒரு வியாபாரப் பெயரே, அச்சில்லின் எந்த உறுப்பையும் அளந்து வைத்த எண்ணன்று. அளவுக்கேற்ப நிறம் மாறும் குவாண்டம் புள்ளிகள் தொலைக்காட்சித் திரைகளில் ஒளிர்கின்றன. அவற்றுக்காக 2023இல் மூவர் இரசாயன நோபல் பெற்றனர். 2020இல் வந்த புதுவகைக் கொரோனாத் தடுப்பு மருந்துகளில், எளிதில் சிதையும் செய்தி ஆர்.என்.ஏ. இழையைப் பொதிந்து உயிரணுவுக்குள் கொண்டு சேர்த்தவை கொழுப்பாலான நானோ துகள்களே. நம் நாட்டில் 2007இல் மத்திய அரசு ஐந்தாண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் ஒதுக்கி நானோ இயக்கத்தைத் தொடங்கிற்று. இவை ஒவ்வொன்றும் தனிப்பேச்சுக்கு உரியவை. நண்பரின் அடிகுழாய் காத்திருப்பதால் இவற்றை இவ்வளவில் விட்டு, வங்கத்துக்குத் திரும்புவோம்.

வங்கத்தில் ஊருக்கு ஊர் குளம் உண்டு. முற்காலத்தில் மக்கள் அக்குளத்து நீரையே பருகினர். வாந்திபேதியும் வயிற்றுக்கடுப்பும் உயிர்களைக் கொள்ளை கொண்டன. இதைத் தடுக்கும் நல்லெண்ணத்தோடு சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. ஆழத்து நீரில் கிருமியில்லை, தெளிவாகவும் இருந்தது. பேதி குறைந்தது. ஆனால் 1983இல் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த தோல் மருத்துவர் கே. சி. சாஹா, கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளின் உடலில் மழைத்துளி தெறித்தாற்போன்ற கரும்புள்ளிகளையும், உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் காய்ப்பேறியிருப்பதையும் கண்டு, அது ஆர்சனிக் என்னும் நஞ்சின் விளைவு என்று கண்டறிந்தார். நம் நாட்டு வைத்தியர் வெள்ளைப் பாஷாணம் என்று கூறுவது இதன் ஒரு சேர்க்கையே. மால்டா, முர்ஷிதாபாத், நதியா, இரு 24 பர்கானாக்கள் எனப் பல மாவட்டங்களில் இந்நஞ்சு நிலத்தடி நீரில் கலந்திருப்பது பின்னர் தெளிவாயிற்று. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கிலும் அஸ்ஸாமிலும், எல்லைக்கு அப்பால் வங்கதேசத்திலும் இதே கதை.

எவரும் கொட்டிய நஞ்சன்று இது. இமயத்தின் பாறைகள் தேய்ந்து ஆறுகளின் வழியே வண்டலாக வந்து படிந்தபோது, அவ்வண்டலின் மணல்மேல் துரு போன்ற இரும்புச் சேர்க்கைகள் படலமாகப் படிந்தன. அத்துரு ஆர்சனிக்கைப் பற்றிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆழத்தில் காற்று எட்டாத இடத்தில், மக்கிய தழைகளை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் அந்தத் துருவைக் கரைத்துவிடுகின்றன. பிடித்த கை தளர்ந்ததும் ஆர்சனிக் நீரில் இறங்குகிறது.

எவ்வளவு இறங்கினால் கேடு? உலக சுகாதார நிறுவனமும் நம் நாட்டுத் தர நிர்ணயமும் வகுத்த வரம்பு ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஒரு கிராமை ஓர் இலட்சம் பங்காக்கி அதில் ஒரு பங்கு! இதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. ஒருநாள் குடித்தால் ஒன்றும் தெரியாது. பல ஆண்டுகள் குடித்தபின் தோலிலும், பின்னர் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்றுநோயாகவும் வெளிப்படும்.

இனி நண்பரின் இரண்டாம் வினாவை எடுத்துக்கொள்வோம். அதுவே உயிரோடு தொடர்புடையது. காய்ச்சினால் கிருமிகள் மடியும்; ஆர்சனிக் மடியாது, ஏனெனில் அது உயிருள்ள பொருளன்று. மாறாக, நீர் கொதித்து ஆவியாகக் குறையுந்தோறும் எஞ்சிய நீரில் நஞ்சின் செறிவு கூடும். நன்றாகக் காய்ச்சிக் குடிப்பவர் சற்றே அதிகமாக நஞ்சுண்கிறார்! புறஊதா ஒளியைப் பாய்ச்சும் கருவிகளும் கிருமியைக் கொல்லுமேயன்றி ஆர்சனிக்கைத் தொடமாட்டா. ஆர்.ஓ. என வழங்கும் சவ்வுக் கருவி பெரும்பகுதியை நீக்கும். ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், ஒரு பங்கு நீருக்குப் பல பங்கு நீரை வெளியே கொட்டவும் வேண்டும்.

இயற்கையில் ஆர்சனிக்கைப் பிடித்து வைத்திருந்தது துரு என்றோம் அல்லவா? அப்படியாயின் துருவைக் கொண்டே நீரிலிருந்து அதைப் பிடித்தால் என்ன? இக்கருத்துப் புதிதன்று, இரும்புச் சேர்க்கைகளைக்கொண்ட வடிகட்டிகள் முன்பே உண்டு. துருவைச் சில நானோமீட்டர் மணிகளாக ஆக்கினால் அதன் பிடிக்கும் பரப்பு பன்மடங்காகும் என்பதும் தெரிந்ததே. இடர்ப்பாடு வேறிடத்தில் இருந்தது. அதை அறிய மீண்டும் நம் பித்தளை வடிகட்டிக்கு வருவோம். காப்பிப் பொடியை மாவுபோல அரைத்துவிட்டால் என்னாகும்? ஒன்று, துளைகளை அடைத்துக்கொண்டு ஒரு சொட்டும் இறங்காது. அல்லது பொடியே டிகாக்ஷனோடு இறங்கிக் குவளையின் அடியில் சகதியாக நிற்கும். நானோ துகளுக்கும் இதே இரு குற்றங்கள் உண்டு. மூன்றாவதாக ஒன்றும் உண்டு: இத்தகைய நுண்ணிய துரு நிலையற்றது, நாள்பட நாள்பட, மழைக்காலத்துச் சர்க்கரை போல ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய படிகங்களாகிவிடும். அரும்பாடுபட்டுப் பெற்ற பரப்பு வீணாகும்.

சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் தலாப்பில் பிரதீப்பும் அவர் குழுவினரும் பல ஆண்டுகள் உழைத்து இம்மூன்றுக்கும் விடை கண்டனர். இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் என்னும் பொருளை வலையாகக்கொண்டு, அவ்வலைக் கண்களுக்குள் நுண்துருவை விளையச் செய்தனர். வலை துகளைப் பிடித்துக்கொள்வதால் அது நீரோடு போவதில்லை. பக்கத்துத் துகளோடு சேர்ந்து பருப்பதுமில்லை. வெளியே பார்த்தால் மணல்மணி போன்ற குருணை. உள்ளேயோ நானோ உலகம். நீர் தடையின்றி ஓடுகிறது. பெரிய உலைகள் வேண்டா. நீரிலேயே, சாதாரண வெப்பத்துக்கு அண்மையிலேயே இதை ஆக்க இயலும். 'அம்ரித்' எனப் பெயரிட்ட இம்முறை மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களில் ஊர்ப் பொதுக் குழாய்களோடு இணைத்து நிறுவப்பட்டுள்ளது. 2017இல் அதன் இரசாயன நுணுக்கம் ஆய்விதழில் விரிவாக வெளிவந்தது. பிரதீப் 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இரும்பு கைவிட்ட நஞ்சை இரும்பே மீண்டும் பற்றிக்கொள்கிறது என்பதும், கடற்கரையில் குப்பையாக ஒதுக்கும் ஓடு அதற்குத் துணை நிற்கிறது என்பதும் நம்மைக் கவர்ந்தவை.

இக்குழுவினர் இதற்கு முன்பே வேறொரு நஞ்சைக் கைக்கொண்டிருந்தனர். தங்கம், வெள்ளி ஆகியவற்றின் நானோ துகள்கள் குளோரின் கலந்த கரிமச் சேர்க்கைகளை உடைத்துச் சிதைக்கின்றன என்று 2003இல் அறிவித்தனர். தில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம், புட்டியில் விற்கும் நீரிலும் குளிர்பானங்களிலும் பூச்சிமருந்தின் எச்சம் இருப்பதாக வெளியிட்டு நாடே கலங்கிய ஆண்டும் அதுவே. வெள்ளித் துகளைக்கொண்டு பூச்சிமருந்தை நீக்கும் வடிகட்டி 2007இல் கடைக்கு வந்தது. கிருமிகளுக்கும் வெள்ளி பகையாகும். வெள்ளித் துகளை மேற்கூறிய வலையில் அமைத்து மின்சாரமின்றி இயங்கும் வடிகட்டியை, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டரை டாலர் செலவில் வழங்கலாம் என்று 2013இல் கணக்கிட்டனர்.

இவ்வளவும் கேட்டபின், 'அப்படியானால் விற்பனையாளர் கூறியது உண்மைதானே' என நேயர்கள் எண்ணக்கூடும். அங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும். நானோ என்று பெயர் பொறித்த எல்லாவற்றினுள்ளும் நானோ இருப்பதில்லை. இருந்தாலும், எந்த நஞ்சுக்கு எது மருந்து என்னும் பொருத்தம் வேண்டும். கிருமிக்கான வெள்ளியை வைத்துக்கொண்டு ஆர்சனிக்கைத் தடுக்க இயலாது. வயலுக்கும் இச்சொல் சென்றுவிட்டது. 2021இல் வந்த நானோ யூரியாவின் அரை லிட்டர் புட்டி ஒன்று ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடு என்றார்கள். பயிருக்கு வேண்டிய நைட்ரஜன் எவ்வளவு, புட்டிக்குள் இருப்பது எவ்வளவு என்று எடைபோட்டுப் பார்த்த விஞ்ஞானிகள் சிலர் ஐயம் எழுப்பினர். பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வயற்சோதனைகளில் நெல், கோதுமை விளைச்சல் குறைந்ததாகவே கண்டனர். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆயினும் ஒரு பொருளைச் சிறிதாக்கினால் அதன் குணம் மாறலாமேயன்றி, இல்லாத எடை உண்டாகிவிடாது என்பது நம் கருத்து.

தீங்குகளும் உண்டு. எந்தப் பரப்பு நமக்குப் பணி செய்கிறதோ அதே பரப்பு உடலுக்குள் சென்றால் வேண்டாத வேலையையும் செய்யக்கூடும். நீண்ட கரிம நானோ குழல்கள் எலிகளின் உடலில் ஆஸ்பெஸ்டாஸ் இழை விளைப்பது போன்ற அழற்சியை விளைத்ததை 2008இல் விஞ்ஞானிகள் கண்டனர். துர்நாற்றம் வீசாத காலுறை என்று வெள்ளித் துகள் சேர்த்து விற்கும்போது, துவைக்குந்தோறும் வெள்ளி சாக்கடைக்கும் ஆற்றுக்கும் போய்ச் சேர்கிறது. ஆற்றில் நமக்கு வேண்டிய நுண்ணுயிர்களும் வாழ்கின்றன அல்லவா? காலுறைக்காக இதைச் செய்வது தேவையா என்று கேட்பவர் கட்சியில்தான் நாம் நிற்கிறோம். குடிநீருக்காகச் செய்வது வேறு.

ஆர்சனிக் வடிகட்டியிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நஞ்சைப் பிடித்த குருணை ஒருநாள் நிரம்பிவிடும். அதன்பின் வரும் நீரில் நஞ்சு அப்படியே இறங்கும். நிறத்தாலும் சுவையாலும் அதை அறிய வழியில்லை. கிராமங்களில் நிறுவிய பல்வகை வடிகட்டிகள், குருணையை மாற்றுவார் இன்றிப் பயனற்றுப் போனதுண்டு. திறப்பு விழாவில் நாடா வெட்ட ஆள் இருக்கிறார். மூன்றாம் ஆண்டில் குருணை மாற்ற ஆள் இருப்பதில்லை. நஞ்சேறிய குருணையை அள்ளிக் குளத்தங்கரையில் கொட்டினால் பழைய கதை புதிதாகத் தொடங்கும்; அதைப் பிரித்துக் காத்து வைக்கவேண்டும்.

ஆகவே கங்கைச் சமவெளியில் குழாய்க் கிணற்று நீரை நம்பி வாழும் நேயர்கள், எந்த வடிகட்டியையும் வாங்குமுன் நீரைச் சோதிக்கவேண்டும். மாநிலப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையின் சோதனைச் சாலைகளில் இதற்கு வசதி உண்டு. பக்கத்து வீட்டுக் கிணறு நன்று என்பதால் நம் கிணறும் நன்றாகிவிடாது. முப்பது முழத்துக்குள்ளும் அளவு மாறும். பின்னர் விற்பனையாளரிடம் இது ஆர்சனிக்கை நீக்குமா, எத்தனை லிட்டர் வரை நீக்கும், அதற்கான சோதனைச் சான்று எங்கே, தீர்ந்த குருணையைத் திரும்பப் பெற்றுக்கொள்வீர்களா என்று கேட்கவேண்டும். நானோ என்னும் சொல்லை அவர் எத்தனை முறை கூறினார் என்பதை எண்ண வேண்டியதில்லை.

இப்பேச்சை எழுதத் தொடங்கியபோது இவற்றையெல்லாம் நண்பருக்குக் கடிதமாகவும் எழுதினோம். சென்ற வாரம் விடை வந்தது. தம் வீட்டு நீரையும் தெருவிலுள்ள நான்கு வீட்டு நீரையும் தனித்தனிப் புட்டிகளில் எடுத்து, பெயரெழுதி ஒட்டிச் சோதனைச் சாலையில் கொடுத்திருக்கிறார். முடிவு இன்னும் கைக்கு வரவில்லை. அதுவரை, அரசுக் குழாயில் ஆற்றுநீர் வரும் இடத்திலிருந்து சைக்கிளில் இரண்டு குடம் கொண்டுவந்து, ஒன்றைச் சமையலுக்கும் மற்றொன்றைக் குடிப்பதற்கும் காப்பிக்கும் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறார்.